நிற்கிறவளிடம் பெண் கேட்க முடியாது

இலை அறையிலிருந்து சரசரவென்று சத்தம் வந்தது.

அடுக்களையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த பசிலியாவின் கத்தி பாதியில் நின்றது. நேற்றுப் பறித்த பச்சைக் கோக்கா இலை, மலைக்காரர்கள் வெற்றிலை போல மெல்லுகிற இலை, அந்த அறையில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதை யாரோ புரட்டுகிறார்கள். யாரோ என்ன, மகள் மரிபெல்தான். சில நாட்களாகத் தாயோடு முகம் கொடுத்துப் பேசாத அந்தப் பெண், மனதில் இருந்த கோபத்தையெல்லாம் இலையிடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அடியே, மெதுவா! கசங்கினா கறுத்துப் போயிடும்!"

சரசரப்பு இன்னும் வேகமாயிற்று.

"சூடு ஏறியிருக்கா?"

"நீயே வந்து கையை விட்டுப் பாரு."

பசிலியா ஓடினாள். நடப்பது அவளுக்குத் தெரியாத வித்தை. குவியலுக்குள் முழங்கை வரை கையை நுழைத்தாள். உள்ளே இதமான வெப்பம், காய்ச்சல்காரனின் அக்குளைப் போல. இன்று வெயில் வராவிட்டால் இந்த இலை இப்படியே வெந்து பழுப்பாகிவிடும். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் வேலைக்கு வேலை என்ற கணக்கில் வந்து, மடித்துணி கட்டி, இலை இலையாகக் கிள்ளிக் கொடுத்தது அத்தனையும் வீண். நாளை அவர்கள் தோட்டத்தில் இவள் போய்ப் பறிக்கும்போது என்ன முகத்தோடு போவாள்?

வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தாள். மேகத்துக்கு நடுவே எதிர்மலை தெரிந்தது. மறைந்தது. மறுபடி தெரிந்தது.

"வெயில் வரும்" என்றாள்.

"விருந்தாளியும் வருவாங்க" என்றாள் மரிபெல், உள்ளே இருந்து.

பசிலியாவின் நெஞ்சில் ஈட்டி இறங்கிற்று. அவள் மறந்துவிட்டாளா? மறப்பாளா? இன்று ஞாயிற்றுக்கிழமை. இலாரியோன் தன் மகன் வில்மருக்கு மரிபெல்லைக் கேட்டு வருகிறான். உலகத்தில் எத்தனையோ அப்பாக்கள் இருக்க, அந்தப் பையனுக்கு இலாரியோன்தானா அப்பாவாக வந்து வாய்க்க வேண்டும்?

இருபது வயதில் பசிலியா இந்தச் சரிவிலேயே கைவேகம் மிகுந்த பறிப்பாளி. இரண்டு கையும் இரண்டு பறவைகள் போலச் செடிக்குச் செடி தாவும். ஒரு தளிர் முறியாது, ஒரு காம்பு கிழியாது. அடுத்த வரிசையில் மூட்டை சுமந்த இலாரியோன் அந்தக் கைகளைப் பார்த்தே மயங்கினான் என்று தோழிகள் கேலி செய்வார்கள். அவளும் மயங்கித்தான் இருந்தாள். "வர்ற ஞாயித்துக்கிழமை பெண் கேட்டு வந்து உங்கப்பா முன்னால இலை விரிக்கிறேன்" என்று அவன் சொன்னான். அந்த ஞாயிறு அவள் ஐந்து அடுக்குப் பாவாடை கட்டி, ஜரிகைச் சால்வை போட்டு, நாற்காலியில் அமர்ந்தாள். காலையில் அமர்ந்தவள் விளக்கு வைக்கும் வரை எழவில்லை. வாசலில் நிழல் விழும்போதெல்லாம் நெஞ்சு துள்ளியது. கோழி வந்தது. நாய் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி உப்பு கேட்டு வந்தாள். அவன் வரவில்லை.

அன்று நாற்காலியிலிருந்து எழுந்தவள், அதற்குப் பிறகு முழுதாக எங்கும் அமரவில்லை என்றுதான் எங்கள் சரிவில் சொல்வார்கள். சாப்பிடுவதும் நின்றபடி. தோட்டக்காரர் சங்கக் கூட்டத்தில் கடைசிச் சுவரோரம் நின்றபடி. பிறகு செவெரோவைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதன். கணவனும் மனைவியுமாக அந்த மலையைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியையும் மரக்கட்டையால் அடித்து இறுக்கி, நாற்று நட்டார்கள். "ஏன் உட்காரமாட்டேங்கிறே?" என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அவனும் பக்கத்தில் நின்று சாப்பிட்டான். அந்த நல்ல மனிதனை ஒரு மழைக்காலத்தில் மண் சரிவு கொண்டுபோயிற்று. தெய்வத்துக்குக் கண் இருக்கிறதா என்று பசிலியா அன்று கேட்டாள். இன்னும் பதில் வரவில்லை.

இலாரியோன் எங்கோ தாழ்நிலத்துக்குப் போய், அங்கே கல்யாணம் செய்து, மனைவியைப் பறிகொடுத்து, மகனோடு ஊர் திரும்பினான். அந்த மகனைத்தான் மரிபெல் விரும்பினாள்.

"அவன் வீட்டு இலையை நான் தொடமாட்டேன்" என்று பசிலியா சொல்லிவிட்டாள். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் தாயும் மகளும் பேசாமல் போனார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள் துணியை விரித்து இலையை நீட்டுவார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் எடுத்து வாயில் போட்டால் சம்மதம். தொடாவிட்டால், துணியை மடித்துக்கொண்டு வந்த வழியே போக வேண்டியதுதான். ஆனால் வீடு தேடி வந்தவர்கள் நீட்டும் இலையை முகத்துக்கு நேரே மறுப்பது பெரிய அவமானம். அந்த அவமானத்தைக் கொடுக்கவும் பசிலியாவுக்குத் துணிச்சல் இல்லை. அதனால் வேறொரு வழி வைத்திருந்தாள். எல்லாரும் அமர்ந்த பிறகுதான் துணியை விரிப்பது வழக்கம். நிற்கிறவளிடம் யாரும் பெண் கேட்க முடியாது.

அமராமல் இருப்பது அவளுக்குப் புதிதா?

மேகம் கிழிந்தது. பலகைக்கல் பாவிய களத்தில் வெயில் பளிச்சென்று விழுந்தது. "மரிபெல், எடு!" என்று பசிலியா கத்தினாள். கோபத்தை ஒத்திவைத்துவிட்டு இருவரும் இலையை அள்ளி அள்ளிக் கொண்டுவந்தார்கள். கையை வீசி விதைப்பது போல இலையைத் தூவினாள் பசிலியா. ஒன்றின் மேல் ஒன்று படாமல், கரும்பலகைக் கல் முழுதும் பச்சையாயிற்று. கடைசிக் கூடையைக் கவிழ்த்து நிமிர்ந்தபோது பாதையில் ஒரு குரல் கேட்டது.

"வெயிலையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கோம், பசிலியா!"

முன்னால் வந்தவள் தொமிங்கா, இலாரியோனின் அக்கா. கையில் ரொட்டிப் பை, இடுப்பில் முடிச்சுப் போட்ட இலைத்துணி. பின்னால் இலாரியோன். புதுத் தொப்பி, பழைய கண்கள்.

"வாங்க" என்றாள் பசிலியா வானத்தைப் பார்த்தபடி. "பையன் வரலையா?"

"கீழ ரோட்டுல மோட்டார் சைக்கிளைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறான். துடைச்ச துடைப்புல பெயின்ட் போயிருக்கும். பெரியவங்க பேசி முடிச்சப்புறம்தானே அவன் வரணும்?" தொமிங்கா விசுப்பலகையில் பொத்தென்று அமர்ந்தாள். "நீயும் உட்காரேன்."

"இலை காயுது."

"இலையை வெயில் காய வைக்குது. நீ என்ன பண்றே?"

"வெயிலைப் பார்த்துக்கறேன்."

இலாரியோன் அமர்ந்தான். அவள் அமராததைக் கண்டு எழுந்தான். தொமிங்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து மறுபடி அமர்த்தினாள். பசிலியா துடைப்பத்தை எடுத்துக் களத்தின் ஓரத்தைப் பெருக்கினாள். கோழிகளை விரட்டினாள். இல்லாத கோழிகளையும் விரட்டினாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, டம்ளரை அவர்கள் கீழே வைப்பதற்குள் வாங்கிப் போனாள். தொமிங்காவின் விரல்கள் இலைத்துணியின் முடிச்சை அவிழ்த்தன. பசிலியா திரும்பி நடந்தாள். விரல்கள் மறுபடி முடிச்சைப் போட்டன.

"இந்தத் துணி இன்னிக்குள்ள கிழிஞ்சிடும்போல இருக்கு" என்று தொமிங்கா முணுமுணுத்தாள். "ஏம்மா, உனக்கு மூட்டு மடங்காதா?"

"மலைக்காரி மூட்டு, அப்படித்தான்."

"நானும் மலைக்காரிதான். எனக்கு மடங்குது பாரு."

"உங்களுக்கு உட்காரத்தானே மூட்டு. எனக்கு வேலை செய்ய."

இலாரியோன் மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பசிலியாவின் கையில் துடைப்பம் நின்றுவிட்டது. பாவி! இத்தனை வருடங்களில் முகம் மாறியது, முடி மாறியது, அந்தச் சிரிப்பை மட்டும் ஏன் மாற்றாமல் விட்டார் கடவுள்? அவள் களத்தின் மறுகோடிக்கு ஓடி, புரட்டிய இலையையே மறுபடி புரட்டினாள். கதவு நிழலில் நின்ற மரிபெல் தாயைப் பார்த்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இலை மொறமொறப்பாகத் தொடங்கியிருந்தது. இன்னும் சற்று நேரம் வெயில் நின்றால் போதும்.

நிற்கவில்லை. பள்ளத்தாக்கிலிருந்து மேகம் பால் பொங்குவது போல ஏறி வந்தது. காற்று திரும்பிற்று. ஒரு துளி பசிலியாவின் கன்னத்தில் விழுந்தது.

"மழை!"

அதற்குப் பிறகு யார் பெண் வீடு, யார் பிள்ளை வீடு? தொமிங்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைப்பத்தைப் பிடுங்கினாள். மரிபெல் சாக்கை விரித்தாள். இலாரியோன் இலையை மிதிக்காமல் கல் ஓரமாகவே ஓடி, புதுத் தொப்பியைக் கழற்றி அதில் அள்ளி அள்ளிச் சாக்கில் கொட்டினான். "நசுக்காதே!" "அந்த மூலை, அந்த மூலை!" "சாக்கைத் தூக்கடி!" "என் காலு!" யார் கத்துகிறார்கள் என்பதே தெரியவில்லை. ஓரத்தில் ஒரு கை அகலம் இலை நனைந்தது. மற்றதெல்லாம் இலை அறைக்குள் போன பிறகுதான் மழை கொட்டத் தொடங்கிற்று.

நால்வரும் இலை அறைத் தரையில் அப்படியே சரிந்தார்கள். மூச்சு வாங்கிற்று. கூரைத் தகரத்தில் மழை உடுக்கை அடித்தது. காய்ந்த இலையின் மணம் அறை முழுதும். பசிலியா சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். கிடைத்துவிட்டது, இலை பிழைத்துவிட்டது!

வேலை முடிந்ததும் இலை மெல்லுவது இந்த மலையில் பிறந்த எல்லாருக்கும் கை தானாகச் செய்கிற காரியம். தொமிங்கா மடியில் துணியை அவிழ்த்தாள். இலாரியோன் ஒரு பிடி எடுத்துத் தம்பி முறையில் அக்காவுக்குக் கொடுத்தான், பிறகு பக்கத்தில் இருந்தவளுக்கு நீட்டினான். பக்கத்தில் கண் மூடியிருந்தவள், இலை விரலில் பட்டதும், இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்கினாள். நரம்பைக் கிள்ளி எறிந்து, இலையை இலையின் மேல் வைத்து, கன்னத்தில் அதக்கிக்கொண்டாள். கண்ணைத் திறந்தாள்.

மூன்று பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆகட்டும், சம்பந்தி!" என்றாள் தொமிங்கா.

பசிலியா துள்ளி எழுந்தாள். "இது… இது வேலை இலை! வேலை முடிச்சாப் போடற இலை!"

"துணி யாருது? எங்க துணி. உட்கார்ந்தியா? உட்கார்ந்தே. இரண்டு கையாலயும் வாங்கினியா? வாங்கினே. இதுக்கு மேல பாதிரியாரா வந்து சொல்லணும்?"

"ஏமாத்திட்டீங்க! மழையை வெச்சு ஏமாத்திட்டீங்க!"

"மழையை நாங்களா கொண்டுவந்தோம்? வெயிலைத்தான் கூட்டிக்கிட்டு வந்தோம்னு சொன்னேன்!"

"அக்கா, வாயை மூடு" என்றான் இலாரியோன். அவன் மெதுவாக எழுந்து நின்றான். "பசிலியா, அதைக் கணக்குல வெச்சுக்க வேண்டாம். வாசலுக்குப் போய்த் துப்பிடு. மழையில போயிடும். நானும் பார்க்கலை, அக்காவும் பார்க்கலை."

"நான் பார்த்தேன்!" என்றாள் தொமிங்கா.

"நீ பார்க்கலை!"

அவ்வளவு பெருந்தன்மை! பசிலியாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மறுத்திருந்தால், சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பாள். விட்டுக்கொடுப்பதில் அவன் எவ்வளவு கெட்டிக்காரன்! அன்றும் இப்படித்தானே விட்டுக்கொடுத்தான்?

"உனக்கு விட்டுட்டுப் போறது ரொம்ப சுலபம், இல்லையா? ஏன் வரலை நீ? அந்த ஞாயித்துக்கிழமை ஏன் வரலை? அதைச் சொல்லிட்டுப் போ!"

மகள் முன்னால், அயலாள் முன்னால் கேட்கக்கூடாத கேள்வி. இத்தனை வருடங்கள் நிற்க வைத்த கேள்வி. கேட்டுவிட்டாள்.

இலாரியோன் நனைந்த தொப்பியைக் கையில் சுழற்றினான்.

"வந்தேன்" என்றான். "பாதையில சிலுவை நட்டிருக்கிற திருப்பம் வரைக்கும் வந்தேன். தோட்டத்துலயே நல்ல இலையா, ஒரு புள்ளி இல்லாம, ஒவ்வொண்ணா பொறுக்கித் துணியில கட்டியிருந்தேன். அங்கிருந்து உங்க வீட்டு வாசல் தெரிஞ்சது. பயம் வந்திடுச்சு. உங்கப்பா முன்னால முதல் வார்த்தை என்ன பேசறதுன்னு யோசிக்க உட்கார்ந்தேன். யோசிக்க இரண்டு இலை போட்டேன். தைரியத்துக்கு இரண்டு போட்டேன். உங்க நாய் குலைச்சுது, அதுக்கு நாலு. அப்படியே… அப்படியே மென்னுக்கிட்டே இருந்தேன். எழுந்து பார்த்தா துணியில பொடிதான் இருந்தது."

"அடப்பாவி!" என்று அலறினாள் தொமிங்கா. "வழியில திருடன் பிடுங்கிட்டான்னுல்ல வீட்டுல சொன்னே! அந்தத் திருடனை நம்ம அப்பா ஒரு வருஷம் தேடினாரே!"

"வெறுந்துணியோட எப்படி வர்றது? அடுத்த ஞாயித்துக்கிழமை வரலாம்னு இருந்தேன். வெட்கமா இருந்தது. அதுக்கடுத்த வாரம் செவெரோவுக்கு உன்னைக் கேட்டுட்டாங்கன்னு சொன்னாங்க. லாரி ஏறிட்டேன்."

பசிலியா அவனையே பார்த்தாள். வேறொரு பெண் இருந்தாள் என்று நினைத்திருந்தாள். தன் வீட்டு ஏழ்மை என்று நினைத்திருந்தாள். தன் முகம், தன் நிறம், தன் அப்பாவின் கடுமை, என்னென்னவோ நினைத்துத் தூக்கமில்லாமல் புரண்ட இரவுகள் எத்தனை! கடைசியில் காரணம் இதுவா?

"என் இருபது வயசை அந்தத் திருப்பத்துல உட்கார்ந்து மென்னு துப்பிட்டுப் போயிருக்கே" என்றாள். "உன் பயத்தை நீ மென்னே. நான் என்னத்தை மென்னேன் தெரியுமா?"

அவன் தலை குனிந்து நின்றான்.

"அம்மா."

மரிபெல் கதவோரம் எழுந்து நின்றிருந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தச் சொல்.

"நீ வாங்கினதை நான் பார்த்தேம்மா. நீ துப்பிட்டா, வாங்கவே இல்லைன்னு நானும் சொல்லுவேன். உன்னைக் காட்டிக் கொடுக்கமாட்டேன்."

"இவன் பெத்த பிள்ளைடி அவன்! நாளைக்கு உன்னையும் ஒரு நாற்காலியில உட்கார வெச்சுட்டு வராம போனா?"

"நான் எதுக்கு உட்காருவேன்?" மரிபெல்லுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "அவன் வரலைன்னா நான் இறங்கிப் போய்க் காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வருவேன். திருப்பத்துக்கு நூறு அடி கூட இல்லையேம்மா. நீ ஏன் அன்னிக்கு எழுந்து போகலை?"

ஐயோ, அந்தப் பெண் என்ன கேட்டுவிட்டாள்! எழுந்து போவதா? பெண் எழுந்து போய் ஆணைக் கேட்பதா? அப்படி ஒரு வழி இருந்ததாக அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. இந்தப் பெண்ணுக்கு அது தோன்றுகிறது, தண்ணீர் குடிப்பது போலச் சாதாரணமாக.

அவள் வாசலை நோக்கி நடந்தாள். வாய்க்குள் இலை கசந்தது. வாசல்படியில் நின்று வெளியே எட்டினாள். கூரையிலிருந்து தண்ணீர் திரை போல விழுந்தது. குனிந்து துப்பினால் ஒரு நொடியில் சரிவில் இறங்கிப் போய்விடும்.

பசிலியா நெடுநேரம் அப்படியே நின்றாள். பிறகு திரும்பினாள். கன்னம் உப்பியபடி இருந்தது.

"சாம்பல் எங்கே?" என்று தொமிங்காவிடம் கையை நீட்டினாள். "வெறும் இலையை எவ்வளவு நேரம் மெல்லறது? பெண் கேட்க வர்றவங்களுக்குச் சாம்பல் கட்டி கொண்டுவரக் கூடவா தெரியாது?"

தொமிங்காவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் துணி, மடி, இடுப்பு எல்லாவற்றையும் தடவி, ஒரு துண்டுச் சாம்பல் கட்டியை எடுத்துக் கொடுத்தாள். பசிலியா அதில் ஒரு ஓரத்தைக் கடித்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போல, இலையோடு சேர்த்துக்கொண்டாள். சாறு இறங்கிற்று. நாக்கு மரத்தது. மரிபெல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"வியாழக்கிழமை பையன் வரணும்" என்றாள் பசிலியா. "தனியா. அப்பா இல்லாம, அத்தை இல்லாம. அடுத்த பறிப்புக்கு ஆள் வேணும். வேலை தெரியுதான்னு பார்க்கணும்."

"வருவான்" என்றான் இலாரியோன்.

"நீ சொல்லாதே. நீ சொல்றதுக்கு ஒரு மதிப்பு இருக்கா?"

"இல்லை" என்றான் அவன். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

மழை தணிந்தது. தொமிங்கா மரிபெல்லைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். பசிலியாவைக் கட்டிக்கொள்ள வந்தவள், முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளை மட்டும் தட்டினாள். "ரொட்டியை ஆறிப்போக விட்டுட்டே, சம்பந்தி" என்று சொல்லிவிட்டுத் தம்பியைத் திட்டிக்கொண்டே படியிறங்கினாள். திருடன் கதை பாதை முழுதும் ஒலித்தது. இலாரியோன் படியில் ஒரு கணம் தயங்கி, ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"போ, இலாரியோன்" என்றாள் அவள். "வழி வழுக்கும், பார்த்துப் போ."

அவன் தலையசைத்துப் போனான். ஈரப் பாதையில் அவன் செருப்புச் சத்தம் தேயும் வரை பசிலியா கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.